மஞ்சள் கோடு

அத்தியாயம் 14

கெடுத்த கையே சரி பண்ணட்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். போன வாரம் தம்பி போனில் அதைச் சொன்னபோது பெரியவள் தன் பட்டறையில் ஒரு லோடு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். சரி, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்கிற தகுதி தனக்கு இருப்பதாக நினைப்பதையே அவள் விட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன.

நடந்த கதை அந்த வட்டாரத்துக்கே தெரியும். தம்பி அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காரில் வந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்துச் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங்கை ஒடித்து வண்டியைச் சுவரில் விட்டான். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. அவனுக்கு நெற்றியில் தையல். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

அதற்கு முந்தின வாரம்தான் பெரியவள் அந்த வண்டிக்குப் புது பிரேக் பேட் போட்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் பெரிய மூளை தேவைப்படவில்லை.

நசுங்கிய முகப்பைத் தட்டி எடுத்த ஷெட்டில் கழற்றிப் பார்த்தார்களாம், பேடைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பரில் ஒரு போல்ட்டே இல்லையாம் என்று தம்பி வந்து சொன்னான். அந்த வண்டி நிற்கிற திசைக்கே மகள் வரக் கூடாது என்று அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி உத்தரவு போட்டாள். அதுவரை பட்டறையின் பின்கட்டில் மகளோடு இருந்தவள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகனின் மாடி வீட்டுக்குப் போனாள். பள்ளி வேன்காரர்கள் ஒவ்வொருவராக வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். பெற்ற தாயை முடக்கியவளிடம் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டியை யார் விடுவார்கள்?

பெரியவளும் நம்பினாள். அன்றைக்கு அவசர அவசரமாக வேலை பார்த்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் போல்ட்டை இறுக்கினேனா, இல்லையா என்று மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்து, கடைசியில் இறுக்காமல் விட்டது போலவே ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது.

ஞாயிறு காலை. பட்டறையில் வேலையாட்கள் இல்லை. கார் உள்ளே வந்து நின்றது. தம்பி இறங்கி, பின்னாலிருந்து சக்கர நாற்காலியை எடுத்து விரித்தான். கூட வந்த பெண் அம்மாவின் அக்குளுக்கு அடியில் கைகொடுத்து, ஒரே தூக்கில் நாற்காலிக்கு மாற்றினாள். தொழில் அது. அம்மாவின் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ அவள். வந்த இடத்தில், பிள்ளைகளைக் காப்பாற்றச் சுவரில் மோதியவனின் கதையைக் கேட்டு மனசைக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வண்டியில் நான் ஏற வேண்டுமானால் முதலில் பிரேக்கை மாற்று என்று நிபந்தனை போட்டவளும் அவள்தான். தம்பி அதற்கென்று ரேஸ் வண்டிகளுக்குப் போடுவது போன்ற சிவப்புக் கேலிப்பர்களும் சக்கரத்தோடு சுழல்கிற, வரி வரியாகக் கீறல் போட்ட பெரிய டிஸ்க்குகளும் வரவழைத்திருந்தான்.

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். எப்படியிருக்கே என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் அம்மா பிசியோவின் பக்கம் திரும்பிவிட்டாள். தன்னை முன்சக்கரத்துக்கு நேராக நிறுத்தச் சொன்னாள். பிறகு அவளிடமே பேசினாள்.

“இவகிட்ட சொல்லும்மா. கழட்டற ஒவ்வொரு போல்ட்டையும் என் மடியில வைக்கச் சொல்லு. எத்தனை கழட்டறா, எத்தனை திரும்ப மாட்டறான்னு நான் பார்த்துக்கறேன்.”

பிசியோவுக்கே சங்கடமாகப் போயிற்று. அழுக்காகிவிடும் அத்தை என்றாள். ஆகிவிட்டுப் போகட்டும், எனக்கு அங்கே என்ன தெரியப் போகிறது என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

பெரியவள் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் துடைத்து அம்மாவின் மடியில் வைத்தாள். அவள் தலைக்கு மேலே அம்மா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. இத்தனை மாதங்களில் இவ்வளவு பக்கத்தில் வந்தது இதுதான் முதல் தடவை.

தம்பி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மாடிப்படியில் அம்மாவைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது என்றான். 

சக்கர நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கி, கீழே ஸ்டாண்டு வைத்தாள். நட்டுகளை ஒவ்வொன்றாக மடித் தட்டில் போட்டாள். அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பிசியோ கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எல்லோருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள்.

சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டுக் குனிந்த பெரியவள், அப்படியே நின்றாள்.

கேலிப்பரின் பின்பக்கம், போல்ட் தலையிலிருந்து கீழே இரும்பு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு ஓடியது.

அது அவள் போட்ட கோடு. போல்ட்டை அளவு பார்த்து இறுக்கி முடித்ததும் அதன் தலைக்கும் பக்கத்து இரும்புக்கும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு இழுப்பு இழுப்பது அவளுடைய வழக்கம். அந்தப் போல்ட் தானாகக் கொஞ்சம் தளர்ந்தாலும், யாராவது ஸ்பானர் போட்டு அசைத்தாலும் கோடு இரண்டாக விலகிவிடும். கண்ணால் பார்த்தாலே தெரியும்.

கோடு விலகவில்லை. மேல் போல்ட்டிலும் இல்லை, கீழ் போல்ட்டிலும் இல்லை. தூசி படிந்து மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எழுந்து போய் அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் தூக்கிக் கழற்றினாள். அங்கேயும் கோடு முழுசாக இருந்தது. பிரேக் ஆயில் வருகிற ஹோஸ் மாட்டுகிற இடத்தில் போட்ட கோடு கூட அப்படியே இருந்தது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தாள். அதைப் பிடித்திருக்கும் நட்டுகளில் பழைய அழுக்கு கெட்டியாக இறுகிக் கிடந்தது. ஸ்பானர் பட்ட இடமே இல்லை.

காணாமல் போன போல்ட் எதுவும் இல்லை. இந்த பிரேக்கை அவளுக்குப் பிறகு யாரும் தொடவே இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. நான் செய்யலை, நான் செய்யலை என்று உள்ளே ஒரு குரல் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை. அடுத்த கேள்வி அதன் பின்னாலேயே வந்துவிட்டது.

“எந்த ஷெட்ல பிரேக்கைக் கழட்டினாங்க?” என்று தம்பியைக் கேட்டாள்.

தகர வேலை செய்த அதே இடம்தான், பிறகு அவர்களே சரிபண்ணியும் கொடுத்தார்கள் என்றான் அவன். போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. பெரியவள் எழுந்து வந்து அவன் தோள் சட்டையைப் பிடித்துக் கூட்டிப் போய், சக்கரம் இருந்த இடத்தில் குனியவைத்தாள். கோட்டைக் காட்டினாள். அது என்னவென்று விளக்கினாள். கழற்றி மாட்டியிருந்தால் இந்தக் கோடு இப்படி இருக்காது என்றாள்.

“இன்னைக்குக் காலையில இங்க எந்த பிரேக்ல வந்தே? நான் போட்ட அதே பிரேக்லதான். வழியில எத்தனை தடவை மிதிச்சிருப்பே? பிடிச்சுதா இல்லையா?”

தம்பி அம்மாவைப் பார்த்தான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவனுக்கு அதுதான் பழக்கம்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா.

பெரியவள் திரும்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“பக்கத்துல உட்கார்ந்திருந்தவ நான். எனக்குத் தெரியாதா? அவன் பிரேக்கே மிதிக்கலை. கண்ணு வேற எங்கேயோ இருந்துடுச்சு. நிமிர்ந்து பார்க்கறதுக்குள்ள சுவரு வந்துடுச்சு.”

“அப்புறம் ஏம்மா?”

“அவன்தான் என்னை இப்படி ஆக்கினான்னு ஊர் சொன்னா அவன் செத்துப் போயிருப்பான். கல்யாணம் காட்சி ஆகணும் அவனுக்கு. நீ தனிக்கட்டை. நாலு பேர் நாலு சொன்னா என்ன குறைஞ்சுடப் போகுது உனக்கு? நீ தாங்குவே.”

அம்மாவின் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. இந்த மூட்டையை இங்கே வைக்கலாம், அங்கே வைக்க இடமில்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

“தெரிஞ்சும்தான் மடியில போல்ட்டை எண்ணினியா?”

“அந்தப் பொண்ணு பார்க்கறா இல்லே?” என்றாள் அம்மா. “அவ நம்பணும் இல்லே? இப்போ வந்துடுவா. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. உன் தம்பி வாழ்க்கையைக் கெடுத்துடாதே.”

வாசலில் பிசியோவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா முகத்தை மாற்றிக்கொண்டு, டீ சூடாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

பெரியவள் தன் டம்ளரைத் தொடவில்லை. குனிந்து, ஸ்பானரைப் போட்டு, ஒரே அழுத்தில் முதல் போல்ட்டைத் தளர்த்தினாள். கோடு உடைந்தது. அந்தப் போல்ட்டைக் கொண்டுவந்து மடித் தட்டில் போடும்போது, எண்ணிக்கோ என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்ததைப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. பழைய கேலிப்பரைக் கழற்றி எடுத்தாள். துருவில் ஒட்டிக்கொண்டிருந்த டிஸ்க்கைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியே வாங்கினாள். அது உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். அங்கே ஒரு துரும்பு இருந்தாலும் புது டிஸ்க் நேராக உட்காராது, மிதிக்கிறபோது பெடல் உதறும். கை வேலை செய்தது. மனசு மட்டும் ‘நீ தாங்குவே’ என்ற ஒரு சொல்லிலேயே நின்றது. நான் தாங்குவேன் என்று இவர்களுக்கு யார் சொன்னது? எப்போது பார்த்தார்கள்?

புது டிஸ்க்கை ஏற்றினாள். பிராக்கெட் போல்ட்டுகளுக்குத் தளராமலிருக்கப் பசை தடவி மாட்டினாள். சிவப்புக் கேலிப்பர் குழந்தை கனம் கனத்தது. பேட்களைச் செருகி, ஹோஸுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கினாள். இரண்டு பக்கமும் முடிந்தன. ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து இறுக்கிய கையோடு மஞ்சள் கோடு இழுத்தாள்.

குழாயில் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே இருந்து ஆயிலை விட வேண்டும். தம்பியைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னாள். சட்டை அழுக்காகும் என்று தயங்கினான். உட்கார் என்றாள்.

“மிதி.”

மிதித்தான்.

“விடாதே. அப்படியே பிடிச்சுக்கோ.”

கேலிப்பரில் ஆயில் வெளியேறுகிற மூடியைத் தளர்த்தியதும் அதில் செருகிய தெளிந்த குழாய் வழியாகக் குமிழ் குமிழாக ஆயில் வந்தது. மூடினாள். விடச் சொன்னாள். மறுபடியும் மிதிக்கச் சொன்னாள். குமிழ் நின்ற பிறகும் அவள் நிறுத்தவில்லை. மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. அவன் நெற்றித் தழும்பில் வியர்வை இறங்கியது. கால் வலிக்கிறது அக்கா, இன்னும் எத்தனை தடவை என்று கேட்டான்.

“பழகிக்கோ. மிதிக்கறதுக்குத்தான் அது இருக்கு” என்றாள்.

நாற்காலியில் அம்மாவின் முகம் இறுகியது. பிசியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சக்கரங்களை மாட்டி வண்டியைக் கீழே இறக்கியதும், புது பேட் டிஸ்க்கோடு பழக வேண்டும், ஓட்டி ஓட்டி பிரேக் பிடித்தால்தான் நன்றாகக் கவ்வும் என்றாள் பெரியவள். வண்டியைத் தானே ஓட்டுவதாகச் சொல்லித் தம்பியைப் பக்கத்தில் ஏறச் சொன்னாள். அவன் மறுப்பதற்கு முன்பே பிசியோ பின்சீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். பிரேக்கை மாற்றச் சொன்னது நான்தானே, நானும் பார்க்கிறேன் என்றாள். வேண்டாம்மா, நீ என்னோடு இரு என்று அம்மா கூப்பிட்டாள்.  இதோ வந்துவிடுவோம் அத்தை என்று சொல்லிப் பிசியோ கதவைச் சாத்திக்கொண்டாள்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு நேர் ரோடு உண்டு. விடுமுறை நாளில் நாய்கூட நடமாடாது. அங்கே வண்டியை வேகமெடுக்கவிட்டு, பிரேக்கை அழுத்தினாள். முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகம். மறுபடி பிரேக். முதல் சில தடவை மந்தமாக இருந்தது. பிறகு கவ்வ ஆரம்பித்தது. புது பேட் சூடாகிற காந்தல் வாசனை உள்ளே வந்தது. ரோட்டின் முடிவில் ஒரு கிடங்குச் சுவர் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சுவரை நோக்கித்தான் போனாள். ஒவ்வொரு தடவையும் முந்தின தடவையைவிடக் கொஞ்சம் தாமதமாக மிதித்தாள்.

தம்பி கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தான். மெதுவா அக்கா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

கடைசியாகச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்தாள்.

“உன் காலைப் பாரு” என்றாள்.

அவன் குனிந்து பார்த்தான். வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டு விறைத்திருந்தது.

“நான் பிரேக் பிடிக்கறப்ப எல்லாம் உன் காலும் மிதிக்குது. அங்க பெடல் இல்லைன்னு உனக்குத் தெரியும், காலுக்குத் தெரியலை. சுவரைப் பார்த்தா யார் காலும் மிதிக்கும். அன்னைக்கு உன் காலடியில பெடல் இருந்ததே, ஏன் மிதிக்கலை?”

என்ன பேசுகிறீர்கள் என்றாள் பிசியோ பின்னாலிருந்து. பெரியவள் கண்ணாடியில் அவளைப் பார்த்து, மஞ்சள் கோட்டைப் பற்றி எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். அம்மா ஒத்துக்கொண்டதையும் சொன்னாள்.  சூடேறிய டிஸ்க் டிக், டிக் என்று ஆறுகிற ஓசை மட்டும் கேட்டது.

தம்பி இருவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அம்மாதான். ஏதோ ஒரு பொண்ணு போட்டோவைப் பாரு பாருன்னு போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாங்க. அப்புறம் பார்க்கறேன்மான்னு சொன்னேன். கேக்கலை. கையைத் தட்டிவிட்டேன், அதுக்குள்ள இடிச்சிடுச்சு.”

“பிள்ளைங்க?” என்று பிசியோ கேட்டாள்.

“பிள்ளைங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. குறுக்க யாரும் வரலை. அந்தக் கதையை நான் சொல்லலை, அம்மா சொன்னதுதான். பிரேக், போல்ட் எல்லாம் அம்மா சொன்னது. நான் ஆமான்னு மட்டும் சொன்னேன்.”

பெரியவளுக்கு இது புதுசு. மகனைக் காப்பாற்ற அம்மா பொய் சொன்னாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அம்மா தன்னையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். அவன் அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, அம்மா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் காவல் இருந்திருக்கிறார்கள்.

“என்னைப் பத்தி ஒரு நாளாவது ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?” என்று கேட்டாள்.

தம்பி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

“அவ பழகிட்டான்னு அம்மா சொல்லுவாங்க” என்றான்.

திரும்பி வருகிற வழியில் பெரியவள் ஒன்றை மட்டும் கவனித்தாள். பின்சீட்டிலிருந்து பிசியோவின் கை முன்னால் வந்து, தம்பியின் தோளில் உட்கார்ந்தது. அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்லித் தீர்த்ததும் அவன் முகம் தெளிந்து, ஜுரம் விட்டவன் மாதிரி இருந்தான்.

அம்மா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பட்டறை வாசல்வரை வந்து காத்திருந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. பிரேக் பிடிக்குதாம்மா என்று பிசியோவைக் கேட்டாள்.

நன்றாகப் பிடிக்கிறது என்றாள் பிசியோ. அத்தை என்று சொல்லவில்லை. காரின் பின்பக்கத்திலிருந்து அம்மாவின் மருந்துப் பையை எடுத்து வந்து நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினாள். பிறகு பெரியவளிடம் திரும்பி, நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும், குதிகாலுக்குத் தலையணை வையுங்கள், மாத்திரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று வரிசையாகச் சொன்னாள்.

“இதெல்லாம் இவகிட்ட எதுக்கும்மா சொல்றே?” என்றாள் அம்மா.

“இனி இவங்கதானே பார்த்துக்கப் போறாங்க” என்றாள் பிசியோ. “ஒரு பொய்யை வீட்டுக்குள்ள உட்கார வச்சுக்கிட்டு என்னால குடும்பம் நடத்த முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க.”

அந்தப் பொய்யில் பாதியைக் கட்டிக்கொள்ளத்தானே போகிறாய் என்று பெரியவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அம்மா மகனைத் தேடினாள். அவன் டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டைத் தன் உயரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தான்.

“டேய். நான் உன்னைக் காட்டிக் கொடுத்தேனாடா?”

“நானும்தான் இத்தனை நாள் சொல்லலை” என்றான் அவன். மாடி வேறு ஏறமுடியவில்லை, இங்கே என்றால் தரையோடு தரையாக இருக்கும், துணிமணியெல்லாம் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன் என்று கண்ணாடியைச் சரிசெய்தபடியே சொன்னான். கடைசியில், அக்காவைவிட உன்னை யாரும்மா நல்லா பார்த்துக்குவாங்க என்றான். அதை அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னான்.

கார் கிளம்பியது. சிவப்புக் கேலிப்பர்கள் சக்கரத்தின் இடுக்கு வழியாகத் தெரிந்தன. தெரு முனையில் பின்விளக்குகள் இரண்டும் பளிச்சென்று எரிந்தன.

“பாரு, நிறுத்திட்டான்” என்றாள் அம்மா. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உடம்பை நிமிர்த்தினாள். “எனக்குத் தெரியும். என்னை விட்டுட்டுப் போக மாட்டான்.”

“திரும்பறதுக்கு மிதிச்சிருக்கான்மா.”

விளக்கு அணைந்தது. கார் முனையில் திரும்பி மறைந்தது.

அம்மா அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள், அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வெயில் தாங்கவில்லை, உள்ளே கூட்டிப் போ என்றாள். கேட்ட குரலில் கெஞ்சல் இல்லை. எப்போதும் போல வேலை ஏவுகிற குரல்தான்.

“கூட்டிட்டுப் போறேன்” என்றாள் பெரியவள். “இந்த வீட்டை விட்டா உனக்கும் வேற போக்கில்லை, உன்னைத் தெருவுல விட எனக்கும் வராது. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை.”

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முதன்முதலில் வேறு பட்டறைக்குப் போனவரும், மற்றவர்களையும் பேசிப் பேசி இழுத்துக்கொண்டு போனவருமான மூத்த வேன்காரரின் நம்பரை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

“அன்னைக்கு என்ன நடந்ததுன்னு அவர்கிட்ட நீயே சொல்லு. உன் வாயால. போட்டோ, சுவரு, போல்ட்டு எல்லாம். சொல்லி முடி, உள்ள போகலாம்.”

“சொல்லாட்டி?”

பெரியவள் அம்மாவின் மடியிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு பட்டறை நிழலுக்குள் போய், அதிலிருந்த பழைய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, வெயிலில் இருந்த அம்மாவிடம் திரும்பி வந்தாள். மறுபடி போனை நீட்டினாள், அம்மா வாங்கவில்லை. பெரியவளே நம்பரை அழுத்தி, குனிந்து, அதை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் ஹலோ என்றார் வேன்காரர்.